பகல் இரண்டு மணிப் பேய்

பேய்ப் படம் போட்டுப் பிழைத்தவனுக்குப் பேயிடம் பயமில்லை, பார்க்க வருகிற சனத்திடம்தான். சண்டைக் காலத்தில் வீடியோ டெக்கைச் சைக்கிளில் கட்டித் திரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சாம்பல்தீவில் மணியத்தின் வளவில் கொட்டில் போட்டு, ஜெனரேற்றர் வைத்து இந்திப் பேய்ப் படம் ஓட்டினேன். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால் எங்கள் பேய் பகல் இரண்டு மணிக்கே வேலைக்கு வந்துவிடும். "சனம் முறைப்பாடு சொன்னால் வளவு வேறை ஆளுக்குத்தான்" என்று மணியம் முதல் நாளே சொல்லிவிட்டான்.

கதவு

இந்தி ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஆனாலும் பக்கத்தில் நின்று கதை சொல்லுவேன். அந்தப் படங்களின் பலம் கதவு. கதவு கிறீச்சிட்டால் எந்தப் பாஷைக்காரனுக்கும் நெஞ்சு இடிக்கும். பலவீனமும் அதே கதவுதான். திறக்கும், திறக்கும், திறந்துகொண்டேயிருக்கும். மீன் எடுக்க வரும் கிண்ணியா நானா ஒருநாள் சொன்னார்: "அந்தப் பிணைச்சலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டிருந்தால் நாங்கள் இந்நேரம் வீட்டை போயிருப்பம்."

பாட்டு

ஒரு நாளைக்கு இரண்டு படம். நேரத்துக்கு முடிக்கப் பாட்டுகளை வேகமாக ஓட்டிவிடுவேன். பேய்ப் படத்தில் பாட்டு எதற்கு? ஆனால் ஒரு படத்தில் பேய் பெண்ணுக்குள் புகுந்ததே பாட்டுக்குள்தான். பாட்டுக்குப் பிறகு அலறித் திரிந்தவளை அவளின் அக்காள்காரி என்று சமாளித்தேன். முன்வரிசை இராசம்மா அக்கா விடவில்லை: "பாட்டுக்கு முதல் நல்லாய்த்தானே இருந்தவள். தம்பி, நீ ஓட்டின இடத்திலை அவளுக்கு என்ன நடந்தது?"

சாம்பல்

சூலம் பாய்ந்து பேய் சாம்பலானதும் நிறுத்திவிடுவேன். "பேய் செத்திட்டுது, ஆமி சென்றியைப் பூட்ட முதல் போங்கோ" என்பேன். எல்லாரும் நிம்மதியாக எழும்புவார்கள். மழை நாளொன்றில் டெக்கை மணியம் வீட்டில் விட்டுவந்தேன். அவன் மிச்சத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறான். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வருகிறதாம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அடுத்த காட்சியில் பேய் செத்தது, ஒருவரும் எழும்பவில்லை. நான் கெஞ்சினேன். "நீ சொல்லாதை தம்பி. முழுக்க ஓட்டு, பாத்திட்டுத்தான் போவம்" என்றார் இராசம்மா அக்கா. கை வந்து முடிய ஆறு மணி கடந்துவிட்டது. விடியும்வரை அத்தனை பேரும் மணியத்தின் வளவில்தான். காலையில் அவன் என் டெக்கைத் தூக்கித் தெருவில் வைத்தான்: "பேயைக் கொல்ல ஏலாட்டியும் சனத்தையாவது நேரத்துக்கு அனுப்பியிருக்கலாம்."

அவனோடு இன்றுவரை எனக்குக் கதை பேச்சில்லை, ஆனாலும் இந்திப் பேய்ப் படங்களில் உண்மையாக எடுத்த இடம் அந்தக் கடைசிக் கைதான் என்பேன், ஏனென்றால் எங்கள் நாட்டுச் சண்டையும் முடிந்துவிட்டது என்று யாராவது சொல்லி நாங்கள் எழும்புகிற நேரம் பார்த்துத்தான் திரும்ப வந்தது.