பாம்பைக் கொன்ற பூனை

பாம்புக்கு நேர்ந்துகொள்ளும் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், தெருவில் பாம்பென்று வாய்விட்டுச் சொல்லக்கூட யோசிப்பார்கள். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ வருசம், அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்துக் கிழவரின் பூனை ஒரு நல்லபாம்பைக் கடித்துக் கொன்று, அவர் கட்டிலடியில் கொண்டுவந்து போட்டது.

கிழவருக்கு யாருமில்லை. பெண்டாட்டி செத்து, மகன்கள் பம்பாய்க்குப் போய், மோட்டார் ரூமிலேயே கிடந்தார். மனுசரோடு பேச மாட்டார். பூனையோடு நாள் முழுக்கப் பேசுவார். பருத்திக்குத் தண்ணீர் பாயும்போது வரப்பில் அது முன்னால் போகும், இவர் கரண்டுக்காரனைத் திட்டிக்கொண்டே பின்னால் போவார். கருவாட்டை ஆளுக்குப் பாதி தின்பார்கள். பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

அது எங்கள் வரப்புப் புற்றிலிருந்த பாம்புதான் என்று என் கொழுந்தன் முடிவுகட்டிவிட்டான். அவன் பெண்டாட்டிக்கு இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துபோனது. அந்தப் புற்றுக்குப் பாலூற்றி, கோயிலில் வெள்ளிப்பாம்பு வாங்கிப் போட்ட பிறகுதான் மூன்றாவது தங்கியிருந்தது. அவன் பயந்ததில் தப்பில்லை. மம்பட்டியிலிருந்து கணைக் கம்பைக் கழற்றிக்கொண்டு போனான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

“பூனைய வெளிய விடும்வே! அது சாவலன்னா எம் பிள்ள செத்துரும்!”

கிழவர் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “கொன்னது நாந்தாம்லே. பாவம் எனக்கு. நானே மொட்ட போட்டுக் கொள்ளி வைக்கேன்.”

நல்லபாம்பைக் கொன்றவர்கள் அதற்குப் பாலூற்றி, மனுசருக்குப் போலவே எரிப்பது வழக்கம். நல்ல பொய்தான். ஆனால் பாம்பின் கழுத்தில் பூனைப்பல் தெளிவாகப் பதிந்திருந்தது.

அவன் கணையை ஓங்கியதும் கிழவர் பூனையோடு குப்புற விழுந்தார். உளுந்தஞ்செடியை அடிப்பதுபோல அந்த முதுகில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்த பிறகுதான் விட்டேன்.

கணை விழுந்தது. கிழவரைப் புரட்டினால் பூனை பாய்ந்து பருத்திக்குள் ஓடிவிட்டது. உள்ளே மூச்சுமுட்டி, அவர் நெஞ்சையும் வயிற்றையும் கிழித்து வைத்திருந்தது.

“முதுகக் குடுத்துக் காப்பாத்துனியளே மாமா, நன்னிகெட்டது நெஞ்சக் கிழிச்சுட்டுல்லா போவுது!” என்று கத்தினேன்.

அந்த வலியிலும் அவருக்குக் கோபம் வந்தது. “அதத் திட்டாத தாயி. பயந்துட்டு. நாந்தான் ரொம்ப இறுக்கிட்டேன்.”

எச்சிலில் ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி பூட்டி வந்தார். கிழவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “நான் வரல. அது திரும்பி வரும்லா? ஆளில்லன்னா என்ன நெனைக்கும்?”

யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் என் கொழுந்தன், நான் கடித்த கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, அழுதுகொண்டே பருத்திக்குள் இறங்கி, “பூசு... பூசு...” என்று கூப்பிட்டு அலைந்தான். அவன் குரலுக்கு அது எப்படி வரும்?