மரத்தில் மூன்று குழந்தைகள்

கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேசுவதைச் சொல்கிறேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பவள் நான். சண்டை என்று வந்தால் தமிழைவிடக் கன்னடத்தில்தான் வேகம் வரும். ஆனால் படித்தது தமிழ் மீடியம். கன்னட எழுத்தை பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சிவாஜி நகர், மெஜஸ்டிக், மார்க்கெட் இவற்றில் வருகிற எழுத்தெல்லாம் அத்துப்படி. எந்த பஸ் போர்டிலும் வராத எழுத்து என்றால் கொஞ்சம் தகராறு. இந்த அரைகுறைப் படிப்பால்தான் போன வருஷம் ஒரு பெண் அதிகாரி பிஸ்கட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய காம்பவுண்டு சுவர். அதை ஒட்டி ஏழு மரங்கள். நாலு புங்கை, இரண்டு தூங்குமூஞ்சி, கடைசியில் ஒரு நாவல். கிளையோடு கிளை பின்னிக்கிடக்கும். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது புங்கைக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்கள் என்னைப் பார்த்தன. பூனை என்று நினைத்தேன். அது கிளையில் ஒரு கையை வைத்து, யோசித்து, அடுத்த கையை வைத்தது. வயிற்றில் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"தேவாங்கு டீ இது," என்றார் என் வீட்டுக்காரர். வாணியம்பாடிக்காரர்; கம்பெனி வண்டி ஓட்டுகிறார். "எங்க ஊர்ப் பக்கம் ஒல்லியா இருக்கறவனை அப்படித்தான் திட்டுவோம். நேர்ல இப்பதான் பாக்கறேன்."

மாடி வீட்டில் குடியிருக்கும் மண்டியாக்கார அம்மாதான் அதற்குக் கன்னடத்தில் காடுபாப என்று பேர் சொன்னார். புலி இருக்கிற அதே சட்டப் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்றும், தரையில் இறங்கி நடக்கத் தெரியாத பிராணி, கிளை விட்டுக் கிளைதான் போகும், மரம் போனால் கரன்ட் கம்பியில்தான் ஏறும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அதன் கண் கூசாமலிருக்கச் செல்போன் லைட்டில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு தினமும் மாலையில் ஆஜர் ஆனேன். என் தையல் கடையில் மீந்த சாட்டின் துணிக்கு அப்படி ஒரு உபயோகம் வந்தது.

அப்புறம் நோட்டீஸ் வந்தது. சாக்கடையை அகலப்படுத்த ஏழு மரங்களையும் வெட்டப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டுமாம். அதை மரத்தில் காக்காய் படிக்கிற உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். நாற்காலி போட்டு ஏறிப் படித்தேன். அதற்குள் நாலு நாள் போயிருந்தது. கீழே மர அதிகாரிக்கான இடத்தில் ஒரு கிறுக்கல், அதற்கு முன்னால் 'ஃபார்' என்று ஒரு சின்ன வார்த்தை. அதாவது, அதிகாரிக்காக வேறு யாரோ போட்ட கையெழுத்து.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மர அதிகாரியின் ஆபீஸுக்குப் போனேன். "சாஹேப்ரு ஃபீல்ட்ல இருக்காரு," என்றார் கிளார்க். அடுத்த நாளும் ஃபீல்ட். "சரி, நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது யாரு? அவரையாவது பாக்கறேன்," என்றேன். கிளார்க் அந்தக் கிறுக்கலை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தார். "அது ஃபார் போட்டது மேடம்," என்றார். ஃபார் என்பது ஏதோ ஒரு ஆள் பேர் மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வீட்டுக்காரர் போனில், "சண்டை கிரிகிரி பண்ணாம எழுதிக் குடு, எழுத்துக்குத்தான் மரியாதை," என்றார்.

கன்னடத்தில் எழுதினால் உடனே நடக்கும் என்று நானே உட்கார்ந்து எழுதினேன். மாடி வீட்டு அம்மா மகள் வீட்டுக்கு மைசூர் போயிருந்தார்; சரிபார்க்க ஆளில்லை. முதல் வரியிலேயே காடுபாப வந்தது. 'பாப' என்றால் கன்னடத்தில் பாவம் என்றும் அர்த்தம். காட்டுப் பாவம் என்று அரசாங்கத்துக்கு எழுதுவார்களா? மாடி வீட்டு அம்மா ஏதோ செல்லமாகச் சொல்லியிருப்பார், எழுத்தில் மரியாதையாகப் போட வேண்டும் என்று நானே முடிவு செய்து, 'பாப்பு' என்று திருத்தினேன். கன்னடத்தில் பாப்பு என்றால் கைக்குழந்தை. அதோடு விட்டேனா? 'காடு' என்ற வார்த்தையும் தெரு மரத்துக்குப் பொருந்தாததாகத் தோன்றி அடித்துவிட்டேன்.

ஆக, அரசாங்கத்துக்குப் போன என் மனு இப்படித் தொடங்கியது: "எங்கள் தெரு மரத்தின் மேல் மூன்று பாப்புகள் வசிக்கின்றன. இவர்களுக்கு வேறு வீடு இல்லை. கரன்ட் கம்பி பக்கத்திலேயே இருக்கிறது. அதிகாரிகள் யாரும் வந்து பார்க்கவில்லை." மரம் வெட்டும் விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மர ஆபீஸில் வாங்க மறுத்ததால் பொதுவான குறைதீர்க்கும் கவுன்டரில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் முதல் நாலு வரியைப் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதினார். ரசீதும் நம்பரும் கொடுத்தார். என் கன்னடத்தின் மகிமை என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம். நைட் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்தான் திறந்தார். வாசலில் ஒரு பெண் அதிகாரி, ஒரு பெண் போலீஸ், கையில் போர்வை, பால் பாக்கெட், பிஸ்கட். அதிகாரி பதற்றமாக, "மக்களு எல்லி?" என்று கேட்டார். கன்னடத்தில் மக்களு என்றால் குழந்தைகள், எல்லி என்றால் எங்கே. பெங்களூரில் இருபது வருஷம் இருந்தும் அவர் கன்னடம் அந்த மட்டும் வரவில்லை.

"மக்கள் எல்லாம் வேலைக்குப் போயிருக்காங்க மேடம்," என்றார் பணிவாக.

கடையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் பெண் போலீஸ் நோட்டை எடுத்துவிட்டார். அந்த அதிகாரி குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து வந்தவர். என் மனுவை நீட்டினார். படித்தேன். குழந்தைகள் என்றே எழுதித் தொலைத்திருந்தேன். விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் முகம் கல்லாகிவிட்டது.

"ரெண்டு கேஸை விட்டுட்டு ஓடி வந்திருக்கேன்," என்றார் கன்னடத்தில். "அரசாங்கத்துக்குப் பொய் மனு கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்சேபணைக்கு இன்னும் மூன்றே நாள். இவரையும் அனுப்பிவிட்டால் அந்தத் தாயும் குட்டிகளும் கம்பியில்தான் ஏற வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "பொய் இல்ல மேடம், ஸ்பெல்லிங் தப்பு. நான் ரெண்டு தரம் போயும் பாக்காத ஆபீஸர் இருக்காரு. நீங்க கூப்பிடாமலே வந்திருக்கீங்க. வந்தது வந்தீங்க, ஒரு தடவை பாத்துட்டுப் போங்க," என்றேன்.

அவர் பெண் போலீஸைப் பார்த்தார். பெண் போலீஸ், "பாக்கலாம் மேடம், நானும் பாத்ததில்ல," என்றார்.

பொழுது சாயும்வரை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். டீ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டையே தொட்டுக்கொண்டோம். அந்த விடுபட்ட இரண்டு கேஸையும் அதிகாரி அங்கிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புத் துணி சுற்றிய லைட்டை நான் தூக்கியதும் கிளைக்குள் கண்கள் தெரிந்தன. தாய் ஒரு கையை வைத்து, யோசித்து, அடுத்த கையை வைத்தது. ஒரு குட்டி வயிற்றிலிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. அதிகாரி என் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

அப்புறம், "மூணு குழந்தைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுதான் குழந்தை, ஒண்ணு அம்மா," என்றார். ஃபாரத்தைத் திறந்தார். ஃபைலை மூட மூன்று வழிதான் அச்சடித்திருந்தார்கள்: மீட்கப்பட்டது, பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது, காணப்படவில்லை. "மூணுமே பொய். நான் பொய் எழுத மாட்டேன்," என்றார். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் நிதானமாக எழுதினார்: இரண்டு குழந்தைகளும் தாயிடம் நலமாக உள்ளன. வசிப்பிடத்தை இடிக்க மர அதிகாரி நோட்டீஸ் கொடுத்துள்ளார். இடித்தால் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. மர அதிகாரி நேரில் வந்து பதில் சொல்லும்வரை இந்த ஃபைல் மூடப்படாது.

அதன் நகல் மர ஆபீஸுக்குப் போனது. என் மனுவுக்கும் அந்த ஆபீஸ் சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் சட்டம் வேறு, வழக்கம் வேறு. குடிமகள் எழுதினால் அது தபால். 'குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து' என்று இன்னொரு அதிகாரி எழுதினால் அது தலைவலி. கெடு முடிகிற அன்று காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. இத்தனை நாளும் ஃபீல்டிலேயே இருந்தவர் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். பெண் அதிகாரி அவருக்கு முன்பே வந்து மரத்தடியில் நின்றிருந்தார்.

மர அதிகாரி நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். புங்கையின் கவட்டையில் பந்தாகச் சுருண்டு தூங்கிய தாயைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "இது இங்க இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே," என்றார். "உங்க கிளார்க்குகிட்ட ரெண்டு தரம் சொன்னேன் சார்," என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், எஞ்சினியருக்குப் போன் போட்டார். சாக்கடையை மறு ஓரத்தில் போட்டால் ஆகாதா என்று கேட்டார். ஆகும் என்று பதில் வந்தது. இதைக் கேட்க ஒரு போன்தான் ஆயிற்று. எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

நோட்டீஸ் ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறப்போனவரைப் பெண் அதிகாரி நிறுத்தினார். "சார், ஃபாரத்துல ஒரு இடம் காலியா இருக்கு. பாதுகாவலர் பேரும் கையெழுத்தும்."

"அதுக்கு நான் எதுக்கு? இவங்க போடட்டும்," என்று என்னைக் காட்டினார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார்," என்றேன். "ஆனா காட்டு ஜீவன்களுக்குச் சட்டப்படி பொறுப்பு யாரு? நானா, நீங்களா?"

அவர் ஃபாரத்தை வாங்கினார். பழக்க தோஷம், பேனா தானாக 'ஃபார்' என்று எழுதிவிட்டது. பெண் அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஃபார் போட முடியாது சார்."

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மர அதிகாரி ஃபாரை அடித்தார். முழுப் பேர் எழுதினார், பதவி எழுதினார், தேதி போட்டார். என் கண் நிறைந்துவிட்டது; அதை ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் எத்தனையோ அரசாங்கக் காகிதம் பார்த்திருக்கிறேன். பொறுப்பு என்று போட்ட இடத்தில் ஒரு ஆளின் சொந்தக் கையெழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஃபாரத்தின் கடைசி வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாவலர் நேரில் ஆஜராக வேண்டும் என்பது. அதை அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனாலும் வருகிறார். போன தடவை பெண் அதிகாரிக்கு முன்பே வந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த வீட்டுக்காரரிடம், "மக்களு எல்லி?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் இந்த முறை சரியாக மேலே கையைக் காட்டினார். "தூங்கறாங்க சார். மெதுவாப் பேசுங்க."