எண்பதில் நின்ற முள்

அந்த ஜீப் என் கடை வாசலில் வந்து நின்றபோது, பதிவெண்ணைப் பார்க்கும் முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. இடது பக்க மட்கார்டின் நசுங்கலை யாரும் சரிசெய்யவில்லை. அது நான் பாறையில் மோதிய இடம்.

தேனியில் பழைய வண்டிகளுக்கு மீட்டர் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்பு போடியிலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி என் பெரியப்பா மகனுடையது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போடி பஜாரில் இரும்புக்கடையும் அவருக்கு இருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று பல தடவை சொன்னேன். திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் ஒரு சாயங்காலம் போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் அடியோடு போய்விட்டது. பள்ளத்தில் விழாமல் இருக்க மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதினேன். எனக்குத் தொடை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த ஓர் அக்காவுக்கு வலது கை முறிந்து கோணலாகக் கூடியது. அந்தக் கையால் அவர் மறுபடி காய் பறிக்க முடியவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் சொந்தக்காரர்களை வரிசையாக அழைத்துப்போய் ஜீப்பின் வேக மீட்டரைக் காட்டியிருக்கிறார். மோதிய வேகத்திலேயே இறுகிவிட்டது போல முள் எண்பதில் நின்றிருந்தது. அந்த இறக்கத்தில் எண்பதில் வந்தவன் மனிதனா என்று கேட்டிருக்கிறார். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டார். நான் இரண்டாவது கியரில் வந்தேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கை முறிந்த அக்கா என்னைக் கொலைகாரன் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து ஏசினார். நான் ஓட்டுகிற வண்டியில் ஏற ஆள் இல்லாமல் போனது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

இப்போது ஜீப்பைக் கொண்டுவந்தவர் கோம்பைக்காரர், விவசாயி. அண்ணனிடமிருந்து வாங்கியவர். வண்டி நிற்கும்போதும் மீட்டர் எண்பது காட்டுகிறது என்றார். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம். இதுவரை யாரும் அதைத் தொடவில்லையாம்.

மீட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த தகட்டு வளையம் ஒரு பக்கம் நெம்பி மறுபடி அடித்து மடக்கப்பட்டிருந்தது. கைப்பேசியில் அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். அதிலும் வளையம் அதே இடத்தில் நெளிந்திருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து வளையத்தைப் பிரித்தேன்.

இந்த மீட்டரின் வேலை எளிது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தின் அச்சில்தான் முள் இருக்கிறது. வண்டி நின்றால் மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். முள் எண்பதிலேயே நிற்க வேண்டுமானால் வில் அறுந்திருக்க வேண்டும், அல்லது அச்சு இறுகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அச்சு விரல் பட்டதும் சுழன்று தன் இடத்துக்குத் திரும்பியது. வில் முழுசாக இருந்தது. முள்ளைச் சுற்றி டயலின் பெயிண்ட் ஸ்க்ரூ டிரைவரால் கீறப்பட்டிருந்தது. யாரோ முள்ளைப் பிடுங்கி எண்பதில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. உடம்பெல்லாம் சூடாகிற மாதிரி ஒரு சந்தோஷம்.

கோம்பைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி மீட்டரை மறுநாள் வரை கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். முதலில் உள்ளேயே விடவில்லை. வாசலில் நின்றே அச்சைச் சுற்றிக் காட்டினேன். முள் எண்பதிலிருந்து ஏறி, விட்டதும் எண்பதுக்கே திரும்பியது. போட்டோவையும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "வா தம்பி, உங்க அண்ணன் கடைக்குப் போவோம்" என்றார்.

கடையில் நல்ல கூட்டம். அண்ணனுக்கு முன்னால் கல்லாமேஜையில் மீட்டரை வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அதைப் பார்த்தார்.

"பிரேக் கோளாறுன்னு போலீஸ் எழுதுனா பர்மிட் போயிருக்கும்டா. குடும்பத்துக்காகத்தான்" என்றார் மெதுவாக.

அக்கா தன் கோணல் கையை மேஜைமேல் வைத்தார். "இந்தத் தம்பியை நான் நடுரோட்டுல வச்சு ஏசுனேன் மொதலாளி. மண்ணை வாரித் தூத்துனேன். எல்லாம் நீங்க சொன்னீகன்னு."

சாமான் வாங்க வந்தவர்கள் கையில் எடுத்ததை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே அக்கா தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அண்ணன் புதிதாக வாங்கியிருந்த ஜீப்பில் ஏற ஆள் இல்லை. கொஞ்ச நாளில் விற்றுவிட்டார்.

கோம்பைக்காரரிடம் சொன்னபடி மறுநாளே மீட்டரை முறையாகச் சரிசெய்தேன். கேபிளில் காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இரண்டு கரண்டிக் காம்புகளை இருபக்கமும் கொடுத்து முள்ளை மெல்லத் தூக்கி, பூஜ்யத்தில் வைத்து அழுத்தினேன். வீரபாண்டி வரை ஓட்டிப் பார்த்தோம். முள் ஆடாமல் ஏறி இறங்கியது.

அண்ணி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "அவுக தெருவுல நடக்கவே கூசுறாக. இனிமே அந்தக் கதையைப் பேசாதன்னு அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லுப்பா" என்றார். காபி கொடுத்தேன். சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

போன மாதம் அவர்கள் பேத்திக்குக் காதுகுத்து. நான் வரமாட்டேன் என்று நம்பித்தான் பத்திரிகை அனுப்பியிருப்பார்கள். வெள்ளை வேட்டி கட்டிப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறிக்கொண்டே வந்த அண்ணன் என்னைக் கண்டதும் வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். பாயசம் நன்றாக இருந்தது. மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.