நாலு பூச்சை மீட்டர்

அடுக்குமாடிக் கட்டடங்களின் மின்வேலையைப் பார்க்கும் சின்ன நிறுவனம் ஒன்றில், கரமனையில், நான் ஸ்டோர் பார்க்கிறேன். காலையில் எலெக்ட்ரீஷியன்களுக்குக் கரண்ட் சோதிக்கும் மீட்டர்களைக் கொடுத்து, சாயங்காலம் திருப்பி வாங்கி வைக்க வேண்டும். அதிகம் பேச மாட்டேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது எனக்குச் சௌகரியம்.

சேர்ந்த புதிதில் ஒரு மீட்டரின் முகத்தில் சி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளையும், பக்கத்தில் இரண்டு கோடுகளையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் அது பூனை, எங்கள் பேச்சில் பூச்சை. "இதுல எதுக்கு ரெண்டு பூச்சை?" என்று மூத்த எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டேன். அவர் நாகர்கோவில்காரர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். ஒரு மாதம் ஜன்னலுக்கு வந்த பையன்களெல்லாம், "அக்கா, பூச்சைக்குப் பால் ஊத்தியாச்சா?" என்றார்கள்.

அந்த வெட்கத்தில்தான் மீட்டரோடு வந்த சிறு புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது பூனையல்ல, இடத்தின் வகை. பிளக்கில் சொருகும் சாமான்களுக்கு இரண்டு. கட்டடத்துக்குள் உள்ள போர்டுக்கு மூன்று. வெளியிலிருந்து கரண்ட் வந்து ஏறும் இடத்துக்கு நான்கு. அங்கே திடீரென்று பாய்ந்து வரும் மின்சாரத்தைத் தாங்காத மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஒவ்வொரு மீட்டரிலும் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனையாவது வகையோ அத்தனை பூனைத் தலை வரைந்து வைத்தேன். மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் மீட்டரை மாற்றி எடுத்துப் போகவில்லை.

போன ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஒரு கட்டடத்தில், வெளிக் கரண்ட் வந்து ஏறும் மெயின் பானலில் ஒரு ஃபேஸ் போய், லிஃப்ட் நின்றுவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே நாலு பூச்சை மீட்டர் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. புதிதாக வந்த மலையாளி சூப்பர்வைசர், மூத்தவரையும் கூட்டிக்கொண்டு வந்து அலமாரியைக் காட்டினார்.

"சேச்சி, அந்த ஆயிரம் வோல்ட் எடுக்கு. வெளிய போன மத்தது அறுநூறல்லே? ஆயிரமல்லே வலுது?"

"அது ரெண்டு பூச்சை, சார்."

"பூச்சயோ?" அவர் சிரித்தார். "அவிடெ லிஃப்ட் நிக்குது. நீங்க பூச்ச கத பறயுதா?"

என் காது சுட்டது. மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆயிரம்னு போட்டிருந்தாலும் மெயின் பானலுக்கு ஆகாது, சார். நனையாத இடத்துக்குள்ளதான்னும் புத்தகத்துல இருக்கு. தர மாட்டேன்."

அவர் மூத்தவரைப் பார்த்தார்.

"மீட்டரப் பிடிக்கது என் கைதானே, சார். தங்கச்சி தராது. மத்தது வரது வர நான் நிக்கேன்."

சூப்பர்வைசர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். வகைகள் போட்டிருந்த பக்கத்தை இரண்டாம் முறையும் படித்தார். பிறகு போன் செய்து அந்த நாலு பூச்சை மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அது வந்தபோது மழையும் விட்டிருந்தது. மூத்தவர் வேலையை முடித்து, மீட்டரைத் துடைத்து ஜன்னலில் வைத்தார். "பூச்சை பத்திரமா வந்தாச்சு" என்றார். அவருடைய பத்து விரலையும் நான் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசரே ஜன்னலுக்கு வந்தார்.

"சேச்சி, ஒரு மூணு பூச்ச."

முகத்தில் சிரிப்பில்லை. ரெஜிஸ்டரில் அப்படியே எழுதினேன்: மூணு பூச்சை, ஒன்று. அவர் கையெழுத்துப் போட்டார்.