தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் மகளுக்கு வைக்க எங்களிடம் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று இப்போது அவளுடையது. அதை நான் எழுதி ஊருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. இன்னொன்று என் கணவரின் அக்காவுடையது. நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் அதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. குப்பை என்ற சொல்லில் தொடங்கும் பழைய காலத்துப் பெயர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அப்படி ஒரு பெயரை யாராவது ஆசைப்பட்டு வைப்பார்களா என்று கேட்கலாம். ஆசைப்பட்டு வைப்பதில்லை, பயந்து வைப்பது. ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து எடுப்பார்கள். இல்லையென்றால் வேறொருத்தியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டு, அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பெயரையும் கேவலமாக வைப்பார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று எமனை ஏமாற்றுகிற ஏற்பாடு. அண்ணிக்கு முன்னால் என் மாமியாருக்கு இரண்டு குழந்தைகள் போயிருந்தன. அண்ணி தங்கினார். கூடவே அந்தப் பெயரும் தங்கிவிட்டது.

எங்களுக்கும் முதல் பெண் தங்கவில்லை. அப்போது ஆவடி சேக்காட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். கணவருக்குத் திருமழிசை எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிற வேலை. எனக்கு அம்பத்தூரில், ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பட்டன் கோணலா என்று பார்க்கிற வேலை. ஒன்பது வருடம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியதில் வீட்டிலும் அதே புத்தி வந்துவிட்டது என்று அவர் கிண்டல் செய்வார். அந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெண் என்று நாங்களாக முடிவு செய்து பெயரும் வைத்துவிட்டோம். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் என் வயிற்றருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே ஒரு உதை விழும். பெண்தான் பிறந்தது. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, பிறகு போய்விட்டது. நாங்கள் முந்திக்கொண்டு பெயர் வைத்ததால்தான் போனது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. பேசிப் பார்த்தும் அதை எடுக்க முடியவில்லை.

அதனால் இரண்டாவது வயிற்றில் இருந்தபோது பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. நான் மட்டும் திருட்டுத்தனமாக ஒரு பெயரை எடுத்து வைத்திருந்தேன். வேலை விட்டு வரும் பஸ்ஸில் ஒரு பெண் தன் மகளை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே என்று அந்தப் பெயர் சொல்லி அதட்டினாள். அதட்டும்போதும் அது அழகாக இருந்தது. அப்போதே எடுத்துக்கொண்டேன்.

பெண் பிறந்தாள். எனக்கு அம்மா இல்லாததால் என்னைப் பார்த்துக்கொள்ள நூம்பலிலிருந்து அண்ணிதான் வந்தார். அவரும் திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார். லீவு போட்டுவிட்டு வந்து, எனக்குப் பூண்டு வதக்கிப் போட்டார், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். கம்பெனியில் அவருக்கு வேறு பெயர். கூட வேலை செய்கிறவர்களிடம் இருந்து போன் வந்தால் அந்தப் பெயரில்தான் கேட்பார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் ஆரம்பித்தார். "அக்கா பேரயே பாப்பாவுக்கு வெச்சிடலாம்னு கீறேன்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "இன்னா வெளயாட்றீங்களா?"

"அந்தப் பேர வெச்சித்தான அக்கா பொழச்சிது."

"அக்கா கையில கேட்டீங்களா?"

"இதுல இன்னா கேக்கறது? அவங்களுக்குப் பெருமதான."

அண்ணி அடுப்படியில்தான் இருந்தார். நாங்கள் பேசியது அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கும். அவர் திரும்பவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பிடித்துத்தான் சும்மா இருக்கிறார், இவரே தம்பிக்கு ஓதிவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அவர் வைத்த ரசத்தை உப்புப் பத்தவில்லை என்று ஒதுக்கி வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"ஸ்கூல்ல புள்ளைங்க சிரிக்கும்ங்க" என்றேன் மறுநாள்.

"சிரிக்கட்டும்" என்றார் அவர். "இருந்தாதான சிரிப்பாங்க."

அன்றிலிருந்து அவருடைய பயம் எனக்கும் வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டது. பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். எழுந்து இரண்டு அடி போவேன், மறுபடி வந்து பார்ப்பேன். குளிப்பாட்டி முடித்துத் துண்டில் சுற்றும்போது நான் எடுத்து வைத்திருந்த பெயரை வாய்க்குள்ளேயே அவளிடம் சொல்வேன். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். சொன்ன உடனே, சொல்லியிருக்கக்கூடாதோ என்று மறுபடி மூக்கருகே விரலை வைப்பேன்.

முப்பதாம் நாளுக்குப் பெயர் வைப்பதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் அவள் பால் குடிப்பதை நிறுத்தினாள். மார்பில் வைத்தால் வாயைத் திறக்காமல் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோவில் போகும்போது அண்ணி பிள்ளையை மடியில் வைத்திருந்தார், நான் அண்ணியின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தினார்கள். நர்ஸ் பெண் நல்ல மாதிரி. "பாப்பா பேர் இன்னாக்கா?" என்று கேட்டாள். நான் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இன்னும் வைக்கவில்லை என்று அண்ணிதான் சொன்னார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குள் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. எந்தப் பெயராக இருந்தால் என்ன, குப்பையோ கூளமோ, வீட்டுக்கு வந்தால் போதும் என்று இருந்தது. அழகான பெயருக்கு ஆசைப்பட்டேனே, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தாலும் முழுசாக வரும், பயம் வந்தாலும் முழுசாக வரும். கிருமித் தொற்று, சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறவே இல்லை. பிள்ளை மறுபடி பால் குடித்து, வீட்டுக்கு அனுப்பியபோது ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன்.

"நீங்க சொன்ன பேரே வெச்சிடலாம். தவிடும் வாங்கிகினு வாங்க. எல்லாமே செஞ்சிடலாம்."

அவர் தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சேக்காட்டில் குப்பைமேட்டுக்கு எங்கே போவது? காலையில் பேட்டரி வண்டி வந்து பச்சை டப்பா, நீல டப்பா என்று பிரித்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் குப்பை வேண்டாம், தவிடு மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். அதற்கும் அவர் அலைந்தார். கடைசியில் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் கேட்டிருக்கிறார். எத்தனை மாடு என்று கடைக்காரர் கேட்டாராம். மாடு இல்லண்ணே, கொழந்தைக்கு என்று சொன்னதும் அந்த மனிதர் சிரிக்கவில்லையாம். புது மூட்டையைப் பிரித்து நல்லதாகப் பார்த்து அள்ளிக் கொடுத்தாராம்.

பிள்ளையை வாங்குவதற்கு ஒருத்தி வேண்டும். வழக்கப்படி அது வெளி ஆளாக இருக்கவேண்டும். ஆனால் அந்த நிலைமையில் பிள்ளையை வெளி ஆள் கையில் கொடுக்க எங்களால் முடியவில்லை. கீழ்வீட்டு அம்மா கேட்டால்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். அக்காவே வாங்கட்டும் என்றார் அவர். அத்தை என்ற முறையில் காதில் பெயர் சொல்லப்போவதும் அண்ணிதான், ஒரே ஆளாக இரண்டையும் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். அந்த அவசரப் புத்தியில் இன்னொன்றை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் மூவர் மட்டும். அண்ணி குளித்துவிட்டு நல்ல புடவை கட்டியிருந்தார். படியில் தவிட்டை நிரப்பி என் முந்தானையில் கொட்டினார். நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த நிமிடமே நான் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. நான் முந்தானையை நீட்டினேன். அண்ணி வாங்கவில்லை. பிள்ளையோடு இரண்டு அடி பின்னால் போனார்.

"டேய், இப்போ இது யார் புள்ள?"

"உன் புள்ளதான்க்கா. சீக்கிரம் குடு, அவ முந்தானைய ஏந்திகினு நிக்கிறா பாரு."

"என் புள்ளைக்குப் பேர் நான்தான வெக்கணும்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பேர வெக்க மாட்டேன்டா" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "கம்பெனில வேற பேர் சொல்லிகினு காலத்த ஓட்றேன். அது போவட்டும், சிரிச்சவங்க சிரிச்சிட்டுப் போறாங்க. ஊட்ல அம்மா அந்தப் பேர் சொல்லிக் கூப்டும். நான் திரும்பிப் பாப்பேன். அது மூஞ்சில இன்னா இருக்கும் தெரியுமா? நான் வந்துட்டேன்னு இருக்காது. அந்த ரெண்டும் வர்லியேன்னு இருக்கும். என்னக் கூப்புட்றப்பல்லாம் அதுங்களையும் சேத்துத்தான் கூப்ட்டுச்சு. சாவற வரைக்கும் அப்டித்தான். இவளுக்கும் அதையே பண்ணப்போறியா?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரசத்தை ஒதுக்கிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது, கூசியது. ஆனால் கூச்சத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"வேணாம் அண்ணி" என்றேன். "இப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்துகீது. உங்க பேரே இருக்கட்டும். உங்க கால்ல வேணா உழறேன்."

"நீ ஒரு பேர் வெச்சிருந்தியே. துண்டு சுத்தும்போது ஒதட்டாலயே சொல்லுவியே, அது இன்னா?"

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. அண்ணி அவசரப்படவில்லை. "நீ சொன்னாதான் நான் சொல்லுவேன். இல்லன்னா பேர் இல்லாமயே கெடக்கட்டும்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையின் முகம் என் பக்கம் இருந்தது. விழித்திருந்தாள். இவளை நான் இதுவரை எதைச் சொல்லியும் வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிறந்து ஒரு மாதம் ஆகியும், பெற்றவள் கூப்பிடாமல் கிடக்கிற பிள்ளை.

சொன்னேன். முதல் தடவையாகச் சத்தமாக.

அண்ணி குனிந்து அவள் காதில் அதையே மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை முடியவும் பிள்ளை தும்மினாள். மூவரும் ஒரே நேரத்தில் "நூறு வயசு" என்றோம். உடனே அழ ஆரம்பித்தாள், பசி அழுகை. அண்ணி அவளை என் மடியில் போட்டார், நான் பால் கொடுக்க உட்கார்ந்தேன், தவிடு தரையெல்லாம் கொட்டியது, கணவர் அதைக் கூட்டி அள்ளி ஒரு டப்பாவில் போட்டார். நான் அழுதுகொண்டே பால் கொடுத்தேன்.

அந்த டப்பா பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பரணில் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

"ஏய், அக்கா கையிலருந்து நாம திரும்ப வாங்கவே இல்லடி."

உண்மைதான். தவிட்டைத் திருப்பிக் கொடுக்க எல்லோருமே மறந்துவிட்டோம். கணக்குப்படி பிள்ளை இன்னும் அண்ணியுடையது. இப்பவே நூம்பலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவர் சட்டையை மாட்டினார். நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேணாம். அக்கா புள்ளயாவே இருக்கட்டும். நம்ம ஊட்டுப் புள்ளையத் தேடிகினு எது வந்தாலும், நம்ம ஊட்ல புள்ள இல்ல."

அவர் என்னையே பார்த்தார். ஏற்றுமதிச் சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் ஒத்துக்கொள்ளாதவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்திருப்பார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். டப்பா திரும்பப் பரணுக்குப் போனது. வண்டு விழாமல் இருக்க நான் அவ்வப்போது வேப்பிலை போட்டு வைக்கிறேன். அண்ணிக்கும் தெரியும். இங்கே வரும்போதெல்லாம் வாசலில் நின்று "எங்கே என் புள்ள?" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கும், இன்னொரு பக்கம் சுருக்கென்று இருக்கும்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் கீழ்வீட்டில் விளையாடப் போனவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே வந்தாள். அந்த வீட்டு அம்மா, எல்லாப் பிள்ளைகளிடமும் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அம்மா, என்னத் தவிட்டுக்கா வாங்கினீங்க?"

"இல்லடி" என்றேன். "உன்ன நாங்க இன்னும் வாங்கவே இல்ல."

அவளுக்கு அது ஏனோ சிரிப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படி இறங்கி ஓடினாள். அவள் ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும், விழுந்துவிடுவாள் என்று. படிக்கட்டுக்கு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் என் முகத்தைச் சரி செய்துகொண்டேன்.