மஞ்சளில் தொடங்கும் கடை

மஞ்சள் தூள் பாக்கெட்டை இரண்டு ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே செருகிவிட்டு, ஓரடி பின்னால் போய் நின்று பார்ப்பார் சுப்பராயன். பாட்டில்கள் உயரம், பாக்கெட் உள்ளே ஒளிந்துகொள்ளும். திரும்ப வந்து நாலு விரற்கடை முன்னால் இழுத்து வைப்பார். அடுத்த அலமாரியில் குழந்தை டயப்பர் கட்டுகளின் மேல் ஒரு கிலோ துவரம்பருப்பு. அதற்கடுத்ததில், கொசுவத்திப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அரைக் கிலோ புளி. எல்லாவற்றையும் வைத்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் மனைவி வரலட்சுமியிடம், "வா வரம், கடைய இப்பதான் தொறந்தான்" என்பார். கடை திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆட்டோக்காரர் டில்லிபாபு பக்கத்து வீட்டுக்காரர். எதையும் கேட்க மாட்டார்.

சுப்பராயனுக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கையால் பேசிச் சம்பாதித்தவர். கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. விளிம்பில் ஒருவர் நின்று கீழே பார்த்து, இறக்கு, ஏற்று, நிறுத்து என்று கையைக் காட்ட வேண்டும். அந்த ஒருவர்தான் இவர். "மேல குந்திகினு கீறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்குக் கண்ணே என் கைதான்" என்று சொல்லும்போது அவர் குரலில் இன்றைக்கும் ஒரு மிடுக்கு வரும். ஓய்வு பெற்றும் கை ஓய்வு பெறவில்லை. சாம்பார் இன்னும் வேண்டும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்குவார். போதும் என்றால் முஷ்டியை மூடுவார். சரி, ஆகட்டும் என்றால் கையை உயர்த்தி இரண்டு முறை ஆட்டுவார். "வாயத் தொறந்து சொன்னா இன்னா? நானு இன்னா கிரேனா ஓட்டிகினு கீறேன்?" என்பாள் வரலட்சுமி. சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையைத் தாண்டி, கம்பி ஏற்றிய லாரிகள் இடித்துத் தள்ளாத குறையாகப் போகும் தெருவில் வீடு. அங்கிருந்து காலடிப்பேட்டைக்கு மாதம் தவறாமல் இரண்டாம் தேதி சாமான் வாங்கப் போவார்கள். வழியில் எத்தனையோ கடைகள் வந்தன, போயின. வரலட்சுமிக்குக் கடை என்றால் தங்கபுஷ்பம் ஸ்டோர்ஸ்தான். சுப்புராஜ் அண்ணாச்சி நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, பெற்ற தாயின் பேரில் திறந்த கடை அது. இருபத்தேழு வருடம் ஒரே இடம், ஒரே வரிசை.

அந்த வரிசைதான் விஷயம். மாதச் சாமான் பட்டியல் எழுதும்போது நம் வீடுகளில் முதல் வரி மஞ்சள். வீட்டில் மஞ்சள் நிறைய இருந்தாலும் மங்கலத்துக்கு அதை எழுதிவிட்டுத்தான் மற்றது. பிறகு துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், எண்ணெய் என்று போய்ச் சோப்பில் முடியும். அண்ணாச்சி கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வேதம் வாசிக்கிறவர். ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் முதலில் மஞ்சளைத்தான் வைத்தார். "பொம்பளையாளுக எழுதுத வரிசை எதுவோ, அதான் நம்ம கடைக்கு வரிசை" என்பது அவர் சட்டம். மஞ்சளில் தொடங்கி நடந்தால் பட்டியல் முடிகிற இடத்தில் பில் போடும் மேசை வந்து நிற்கும். ஒரே வருடத்தில் வரலட்சுமி பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டாள். அலமாரியைப் பார்க்கவே மாட்டாள். பின்னால் வரும் யாரிடமாவது வாயாடிக்கொண்டே போவாள். கை தன்பாட்டுக்கு எடுத்துத் தள்ளுவண்டியில் போடும். வண்டியைத் தள்ளுவது மட்டும் சுப்பராயன் வேலை. யோசனை எதுவும் சொன்னால், "நீ பொத்திகினு வா" என்று பதில் கிடைக்கும்.

நாலு வருடத்துக்கு முன் வரலட்சுமிக்கு மறதி வந்தது. முதலில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் நின்றாள். பிறகு ஓசூரில் இருக்கும் மகளின் பெயருக்காக அரை நாள் தேடினாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, இது போகிற வியாதி இல்லை, மெதுவாக வருகிற வியாதி என்றார். சுப்பராயன் அதை மகளுக்கே பாதிதான் சொன்னார். தெருவில் கேட்டவர்களுக்கு, "பிரஷரு, வேற ஒண்ணும் இல்ல" என்ற ஒரே பதில்தான். மனைவியை நாலு பேர் பாவம் என்று பார்ப்பதை அவரால் தாங்க முடியாது.

ஆனால் இரண்டாம் தேதி கடைக்குள் கால் வைத்தால் போதும். கால் இடப்பக்கம் திரும்பும். கை மஞ்சளுக்கு நீளும். அந்த அரை மணி நேரம் பழைய வரலட்சுமி முழுசாகத் திரும்பி வருவாள். "இன்னாயா முழிச்சிகினு நிக்கிற? வண்டியத் தள்ளு" என்று அதட்டுவாள். மாதத்தின் மற்ற நாளெல்லாம் சுப்பராயன் அந்த ஒரு அதட்டலுக்காகத்தான் காத்துக் கிடந்தார்.

அண்ணாச்சிக்கு முட்டி தேய்ந்தது. பிள்ளைகளுக்கோ கடை வேண்டாம். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி வந்து பேசியது. ஒருநாள் வாசலில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படத்தோடு பெரிய தட்டி தொங்கியது: 'இணைந்துவிட்டோம்! அதே கடை, அதே அன்பு!' கல்யாணப் பத்திரிகை போல இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காசிமேட்டில் மீன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பெரிய மீன் சின்ன மீனோடு எப்படி இணையும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஏசி வந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆறு மாதத்தில் தங்கபுஷ்பம் பெயர்ப்பலகையில் சிறுத்து, ஒரு மூலைக்குப் போய், பிறகு இல்லாமலே போனாள்.

அதோடு வரிசையும் போனது. வாசலுக்கு இடது பக்கம் ஷாம்பு வந்தது. மஞ்சளைக் கோடி வலது மூலைக்குத் தள்ளினார்கள். தேடி அலைந்தால்தான் ஜனங்கள் நாலு சாமான் கூடுதலாக எடுப்பார்களாம். அதனால் எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து படம் வரைந்து அனுப்புவார்கள். புது அலமாரிகளுக்கு முதுகுப் பலகையும் கிடையாது. இந்தப் பக்கத்துப் பாட்டிலை விலக்கினால் அந்தப் பக்கம் நிற்பவர் தெரிவார்.

வரிசை மாறிய முதல் மாதம் சுப்பராயனுக்குப் பல்வலி. பில் போடும் ஜெஸ்லின் பார்த்துக்கொள்வாள் என்று வரலட்சுமியை உள்ளே அனுப்பிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெஸ்லினுக்கு அன்று வாரவிடுமுறை என்பது அவருக்குத் தெரியாது. வரலட்சுமி வழக்கம்போல அரை மணி நேரத்தில் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து வந்தாள். வீட்டில் பையைக் கொட்டினால் மஞ்சள் இல்லை, ஷாம்பு. பருப்பு இல்லை, டயப்பர். புளி இல்லை, கொசுவத்தி. எண்ணெய்க்குப் பதில் மூன்று பாட்டில் தரை துடைக்கும் மருந்து. கை போன இடத்தில் என்ன இருந்ததோ அதை எடுத்திருக்கிறாள்.

சுப்பராயன் சிரிக்கத்தான் போனார். அதற்குள் வரலட்சுமி முறத்தை எடுத்துவந்து, கட்டைப் பிரித்து டயப்பர்களை அதில் கொட்டி, கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"யோவ், எனுக்கு இன்னாமோ ஆயிப்போச்சுயா" என்றாள்.

வியாதி வந்த மூன்றரை வருடத்தில் அவளுக்கே அது தெரிந்த நாள் அன்றுதான். குழந்தை போல அழுதாள். "உனுக்கு ஒண்ணும் ஆவல வரம். கடைக்காரன் பண்ண கலீஜு இது. பேஜாரு புடிச்சவன், எல்லாத்தையும் மாத்தி வெச்சிட்டான்" என்று அவர் முறத்தைப் பிடுங்கி ஓரம் வைத்தார். சொன்னது உண்மைதான், ஆனால் அவள் நம்பவில்லை. அந்த அழுகையை இன்னொரு முறை பார்க்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்தார். அடுத்த மாதத்திலிருந்துதான் இந்த ஷாம்புவுக்கு நடுவே மஞ்சள் வைக்கும் வேலை.

பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவள் ஜெஸ்லின் ஒருத்திதான். முதல் தடவையே பார்த்துவிட்டாள். பார்த்தும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் பக்கத்தில் வந்து, "மாமா, உளுந்த மறந்துட்டீங்க. சோப்புக்கு மேல் தட்டுல வைங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அன்று வரலட்சுமி பில் மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "ஒண்ணு வுடாம எடுத்துட்டேன் பாத்தியா?" என்றாள். ஜெஸ்லின், "உங்க கைக்கா அத்தை தப்பும்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஆறாவது மாதம், வரலட்சுமி பையோடு ஆட்டோவில் ஏறியதும், மேலாளர் திருமலை இவரை உள் அறைக்குக் கூப்பிட்டார். கேமராவில் பதிந்ததை ஓட்டிக் காட்டினார். புளியைத் தூக்கிக்கொண்டு பம்மிப் பம்மிப் போகும் கிழவனைப் பார்க்கச் சுப்பராயனுக்கே திருடன் மாதிரிதான் தெரிந்தது.

"எதுக்கு சார் இப்படிப் பண்றீங்க?" என்றார் திருமலை. கோபமாகக் கேட்கவில்லை.

இத்தனை வருடம் தெருவுக்கும் மகளுக்கும் மறைத்ததை, அந்த அறையில் நின்றபடியே, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். நாலே வாக்கியம். திருமலை கணினியை அணைத்தார்.

"அம்மா கூட ஒரு பொண்ண அனுப்பறேன் சார். எல்லாம் எடுத்துக் குடுப்பா. இல்ல, ஆப்புல போடுங்க, வீட்டுக்கே வந்துரும்."

"வூட்டுக்கு சாமான் வரணும்னா நான் இம்மாம் பாடுபடணும்? அவ வாங்கணும் சார். அவ கையால எடுக்கணும். அது ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம் கீது."

"தினம் காலைல ரேக்க போட்டோ எடுத்து அனுப்பணும் சார். படத்துல இருக்கிற மாதிரி இல்லன்னா என்னைத்தான் கேப்பாங்க. போன மாசமே என்கிட்ட விளக்கம் எழுதி வாங்கிட்டாங்க."

அடுத்தவர் வயிற்றில் அடித்துப் பழக்கமில்லாதவர் சுப்பராயன். "ரேக்குல இனிமே எதுவும் வெக்க மாட்டேன் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த மாதம் இரண்டாம் தேதி அவர் மட்டும் முதலில் உள்ளே போனார். பட்டியலில் உள்ள அத்தனையையும் ஒரு கூடையில் எடுத்துக்கொண்டார். ஷாம்பு அலமாரிக்கு மறுபக்கம் போய் நின்று, இரண்டு பாட்டில்களை விலக்கி, மஞ்சள் பாக்கெட்டைப் பிடித்த கையை அந்தச் சந்துக்குள் நீட்டினார். கொடுத்த வாக்கும் கெடவில்லை. அலமாரியில் அவர் எதையும் வைக்கவில்லை. டில்லிபாபு வரலட்சுமியை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

கால் இடப்பக்கம் திரும்பியது. ஜெஸ்லினைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கை நீண்டது. மஞ்சளோடு சேர்ந்து ஒரு கணம் அவர் விரல்களையும் பிடித்தது.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வரலட்சுமி அலமாரியைப் பார்த்தாள். பாட்டில்களுக்கு நடுவே தெரிந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தெரியாதவர்களிடம் சிரிக்கும் மரியாதைச் சிரிப்பு.

"புச்சா வேலைக்கு வந்துகிறியா நைனா? நல்லா இருப்ப. எங்க வூட்டுக்காரு வெளிய நின்னுகினு இருப்பாரு. வண்டியத் தள்ள வரச் சொல்லு."

சுப்பராயன் சந்துக்குள் இருந்த கையை உயர்த்தி, ஆகட்டும் என்று இரண்டு முறை ஆட்டினார். பிறகு கூடையிலிருந்து துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் போய் அடுத்த அலமாரிக்குப் பின்னால் நின்றார்.