என் சரணத்தைப் பாடிய நோர்வேப் பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதியில் ஒரு மார்ச் மாதம். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பாடசாலை மண்டபத்தில், புலம்பெயர்ந்த தமிழர்களுக்கான பாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. லண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி, நோர்வே, கனடா என்று நாட்டுக்கு ஒருவர் பாட வேண்டும். ஐரோப்பா முழுவதும் தமிழ்த் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அந்த முறை போட்டியை நடத்துகிற பொறுப்பு எங்கள் ஊருக்கு வந்திருந்தது. கனடாவுக்காகப் பாடத் தெரிவாகியிருந்தவள் நான்.

தெரிவானேன் என்று சொன்னால் பெரிய விஷயம் மாதிரி இருக்கும். தெரிவு நடந்த அன்று நாலு பேர் வர வேண்டும். அதில் ஒருவருக்குச் சளித் தடிமன், இன்னொருவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த இரண்டு பேரில் நான் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் போட்டி எனக்கு விளையாட்டாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் பாரிஸில் இருந்த என் அண்ணன். எனக்கு இருபது வயதாக இருக்கும்போது அவன்தான் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சி ஒன்றைப் பிடித்து என்னைத் தனியாகக் கனடாவுக்கு அனுப்பி வைத்தான். தானும் பின்னால் வருவதாகத்தான் பேச்சு. அவனுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே போனது. பாரிஸை விட்டு அவனால் அசைய முடியவில்லை. ஆண்டுகள் போய்விட்டன. கிழமைக்கு ஒருமுறை போன், எப்போதாவது ஒரு படம். ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன், "தனிய இருக்கிறாய், கவனம்" என்பான். எனக்குக் கோபம் வரும். நான் என்ன தொட்டில் குழந்தையா? வேலைக்குப் போகிறேன், சேர்ந்து வாடகைக்கு எடுத்த இரண்டு ஊர்க்கார அக்காமாரோடு வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் சந்தோசமாகத்தான் இருக்கிறேன். எத்தனை தரம் சொன்னாலும் அவனுக்கு ஏறாது.

இந்தப் போட்டியைப் பார்ப்பதற்காகவே அவன், வீட்டில் டிஷ் அன்டெனா பூட்டியிருந்த ஒரு கூட்டாளியின் இடத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் என்னைப் பார்க்கப் போகிறான். நான் நன்றாக இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பரிசு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அண்ணனுக்கு முன்னால் மட்டும் நான் தடுமாறக்கூடாது. என் யோசனை முழுக்க இதுதான்.

வெளிநாட்டில் இருந்து வருகிற பாடகர்களை ஹோட்டலில் விடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நோர்வேயில் இருந்து வந்தது பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால்தான் தாய்தகப்பன் நிம்மதியாக அனுப்புவார்கள் என்று, போட்டியை நடத்திய அங்கிள் அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். போட்டியில் எனக்கு எதிராகப் பாட வந்தவளுக்கு நானே பாய் விரித்து, போர்வை கொடுத்து, காலையில் பிட்டும் அவித்துக் கொடுத்தேன். எங்களுக்கு அது ஒரு வினோதமாகவே படவில்லை.

நல்ல பிள்ளை. ஐந்து வயதில் நோர்வேக்குப் போனவள், ஆனாலும் வாய் நிறைய "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாளே என் கதை முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டாள். அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட மூக்குத்தான் அவருக்கும்" என்றாள்.

நோர்வேயின் பனிக்கும் குளிருக்கும் பழகிய பிள்ளைக்கு எங்கள் அப்பார்ட்மென்டில்தான் ஆபத்து காத்திருந்தது. எங்கள் கட்டடத்து ஹீற்றரைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாள் முழுக்க வறண்ட காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. அவளுக்கு மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. எங்களோடு இருந்த மூத்த அக்கா அவளுக்காகவே தேடி வாங்கி வைத்த நண்டுக் கறியைக்கூட அவள் தொடவில்லை. அக்காவுக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகு அதே அக்காதான் கொத்தமல்லி அவித்த தண்ணீரை மணிக்கொரு தரம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

போட்டிக்கு முதல் நாள் அவள் வாயே திறக்கவில்லை. எல்லாம் சைகைதான். குரலைச் சேமித்து வைக்கிறாளாம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. கோரஸ் பாடுவதற்கென்று தனி ஆட்களைப் பிடிக்க வசதியில்லாததால், ஒருவர் பாடும்போது மற்ற நாட்டுப் பாடகர்களில் இரண்டு பேர் பின்னால் நின்று கோரஸ் பாட வேண்டும் என்று ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்து பழகியதால் என் பாட்டுக்கு அவளும், அவள் பாட்டுக்கு நானும் கோரஸ். என் பாட்டுக்கு அடுத்ததே அவளுடைய பாட்டு.

"என்ர பாட்டுக்கு நீர் சும்மா வாயை மட்டும் அசையும். மற்றவர் பாடுவார். குரலை உம்மட பாட்டுக்கு வைச்சிரும்" என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஐரோப்பாவில் மாலை நேரம் ஒளிபரப்ப வேண்டும் என்பதற்காகப் போட்டி நடுப்பகலில் தொடங்கியது. காலையிலேயே பட்டுச்சேலை, நகை, கொண்டை, காலில் பனிச் சப்பாத்து, மேலே ஒரு தடித்த ஜக்கெட். இந்தக் கோலத்தில் நாங்கள் இரண்டு பேரும் லோறன்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு ஏறினோம்.

ஊரை நினைத்து அழுகிற பாட்டுகளே வந்து குவியும் என்று பயந்து, அவரவர் இப்போது வாழ்கிற இடத்தைப் பற்றிய புதுப் பாட்டாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். என் பாட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. பல்லவி கிண்டலாகப் போகும். சரணத்தில் மேலே ஏறும். என் குரல் கொஞ்சம் தடித்த குரல். என் சுருதியில் பாடினால் அந்த மேல் இடத்தை எட்டிப் பிடிப்பேன். அதற்கு மேலே ஒரு அங்குலம்கூட என்னால் போக முடியாது.

எல்லாருக்கும் கீபோர்ட் வாசித்தது ஒரே ஆள்தான், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர். பகலில் டாக்ஸி ஓட்டுவார், சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் வாசிப்பார். கைவந்த கலை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். யாருடைய பாட்டாக இருந்தாலும் தனக்குப் பழகிய ஒரே இடத்தில்தான் விரலை வைப்பார். பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்றபடி கீபோர்டில் உள்ள ஒரு பட்டனை அமத்தி, முழுவதையும் ஏற்றியோ இறக்கியோ விடுவார். அந்தப் பட்டன்தான் எங்களுக்கெல்லாம் குருநாதர்.

எனக்கு முன்னால் பாடியது சுவிஸ் பிள்ளை. கீச்சுக் குரல். அவளுடைய சுருதி என்னுடையதைவிட இரண்டு கட்டை மேலே. அவள் பாடி முடித்ததும் விளம்பர இடைவேளை. நாங்கள் மேடையில் போய் நின்றோம். யாரோ அண்ணைக்கு ஒரு கோப்பை தேநீரை நீட்டினார்கள். பாவம், காலையில் இருந்து ஒன்றும் குடிக்காத மனிதன். அவர் ஒரு மிடறு குடிப்பதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் கையை அசைத்துவிட்டார்கள். அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார், விரலை வழக்கமான இடத்தில் வைத்தார், வாசித்தார். பட்டனை மறந்துவிட்டார். அது சுவிஸ் பிள்ளையின் சுருதியிலேயே நின்றது.

முதல் இசை வந்தது. என் பாட்டு எனக்கே அந்நியமாகக் கேட்டது. கிற்றார் வாசித்தவர் திடுக்கிட்டு அண்ணையைப் பார்த்துவிட்டு, தன் விரல்களை அவசரமாக மேலே தள்ளிக்கொண்டார். நேரடி ஒளிபரப்பு. நிறுத்தச் சொல்ல முடியாது. கமராவில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருக்கிறான்.

பல்லவியை எப்படியோ பாடிவிட்டேன். அதுவே எனக்கு என் சரணத்தின் உயரம். கழுத்து நரம்பு புடைக்கிறது எனக்கே தெரிந்தது. இடையில் வருகிற இசை முடிந்தால் சரணம். அந்தச் சின்ன நேரத்தில், இன்னும் கொஞ்சத்தில் என் குரல் உடையப்போகிறது, அண்ணன் அதைப் பார்க்கப் போகிறான், இனி வாழ்நாள் முழுக்க என்னைப் பற்றிக் கவலைப்பட்டே சாகப்போகிறான் என்று ஒரு பயம் வந்தது.

திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. நோர்வேப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தன் மைக்கைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு, ஏற்கெனவே பேசி வைத்தது மாதிரி, நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள். சரணத்தின் முதல் வரியை முழுக் குரலில் எடுத்தாள். அவளுடைய சுருதி அது. மேலே மேலே என்று போனாள். நான் கீழ் ஸ்தாயியில் அவளுக்கு அடியில் அதே வரியைப் பாடிக்கொண்டு போனேன். ஒரு வரி போனதும் என் பயம் போய்விட்டது. இரண்டாம் வரியில் அவள் தோளால் என்னை இடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டும் கிண்டல் பாட்டுத்தானே, சிரித்துக்கொண்டே பாடினேன். சபை இது புதுமாதிரியான ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியது.

முடிந்ததும் கீபோர்ட் அண்ணை வெளிறிப்போன முகத்தோடு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, பட்டனை மறந்து போனன்" என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். அவருடைய கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அடுத்தது அவளுடைய பாட்டு. இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டுச் செருமும்போதே அவள் தொண்டையில் கரகரப்புக் கேட்டது.

"ஏன் இப்பிடிச் செய்தனீர்? உம்மட குரல் போச்சே" என்றேன்.

"நான் ஒண்டும் யோசிக்கேல்லை அக்கா. உங்கட அண்ணா பாத்துக்கொண்டிருப்பார் எண்டதுதான் மனசிலை வந்தது."

அவள் பாடினாள். முதல் பகுதி அழகாக இருந்தது. நோர்வேயில் சூரியன் வராத நாட்களில் ஜன்னல்களில் விளக்கு வைப்பார்களாம். அதைப் பற்றிய பாட்டு. சரணத்தில் குரல் பிளந்துவிட்டது. ஒரு வரி காற்றாகத்தான் வந்தது. அவளுக்காக மேலே போய்ப் பாட எனக்குக் குரல் இல்லை. கீழேதான் பாட முடியும். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, கீழ் ஸ்தாயியிலேயே பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அவளும் என்னோடு கீழே இறங்கி வந்து பாடி முடித்தாள்.

ஐரோப்பாவில் இருந்தும் இங்கிருந்தும் தொலைபேசியில் வாக்குகள் வந்தன. தங்கள் நாட்டுக்கு மட்டும் போட முடியாது. மண்டபத்தில் இருந்த நடுவர்களின் புள்ளியும் அதோடு சேரும். லண்டன் தம்பி முதல் பரிசு வாங்கினான். உண்மையிலேயே நன்றாகப் பாடினான். நான் நடுவில் எங்கோ வந்தேன். நோர்வே கடைசி. கோரஸ்காரி தன் பாட்டல்லாததைப் பாடிவிட்டாள் என்று நடுவர்களும் புள்ளி குறைத்திருந்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "அக்கா, இப்ப நண்டுக்கறி சாப்பிடலாம்தானே" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் நண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாரிஸ். அண்ணன்தான்.

"கோவியாதை. நான் நோர்வேக்குத்தான் போட்டனான்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த அண்ணன். உலகத்தில் எனக்கென்று நிச்சயமாக விழ வேண்டிய ஒரே ஒரு வாக்கு. "நல்ல அண்ணன்தான் நீ" என்றேன்.

"நீ பயந்து போனது எனக்குத் தெரிஞ்சது. எழும்பி ரீவிக்குக் கிட்டப் போயிட்டன். நான் என்ன செய்யிறது, இஞ்ச இருந்துகொண்டு? அப்பதான் அந்தப் பிள்ளை வந்து உனக்குப் பக்கத்திலை நிண்டுது. உன்னைத் தனிய அனுப்பிப்போட்டன் எண்டு இவ்வளவு காலமும் எனக்கு நித்திரை இல்லை. இண்டைக்குப் படுப்பன். அந்தப் பிள்ளையிட்டை போனைக் குடு."

அவள் நண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, காரம் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அண்ணன் போன் எடுத்திருக்கிறான். வைக்கும்போது இப்போது "அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்கிறான், தனியே இருக்கிறாய் என்ற சொல் அவன் வாயில் திரும்ப வரவே இல்லை. நான் எத்தனையோ வருடம் போனில் சத்தியம் செய்தும் அவனுக்குக் கொடுக்க முடியாத நிம்மதியை, என் வீட்டில் சில நாள் தங்கிய ஒரு பிள்ளை தன் குரலைக் கொடுத்து வாங்கித் தந்துவிட்டுப் போனாள்; அதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துதான் போகிறது.